டிராக்குக்கா, ரோட்டுக்கா

ஆகஸ்ட் 18, 2024, ஞாயிறு

வண்டி மாடிஃபை செய்யும் பெங்களூருக்காரர் எஸ்டிமேட் அனுப்பிவிட்டார். காயிலோவர் சஸ்பென்ஷன், இ.சி.யூ. ரீமேப், இன்டேக், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், பக்கெட் சீட், சிக்ஸ் பாயின்ட் பெல்ட், பின்பக்கம் அரை ரோல் கேஜ், செமி ஸ்லிக் டயர் ஒரு செட். கூலியோடு நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. செகண்ட் ஹேண்டில் வண்டியை எடுத்ததே நாலரைக்குத்தான்.

வண்டி டியாகோ ஜே.டி.பி. பார்க்கிறவர்களுக்கு சாதா டியாகோதான். பெட்ரோல் பங்குப் பையன்கள் மட்டும் பானெட்டில் இருக்கும் காற்றுத் துளையைத் தடவிப் பார்த்து, “இது நீங்களா வெட்டினதாண்ணா?” என்பார்கள். நான் வெட்டவில்லை, கம்பெனியே வெட்டியது. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் பாதிக்குப் பாதி கூட்டு சேர்ந்து 2018 அக்டோபரில் இறக்கின. ஜெயம் ஆனந்த் ரேஸ் ஓட்டியவர். நெக்ஸானில் இருந்த 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினைச் சின்ன வண்டிக்குள் வைத்து 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர் என்று ஆக்கி, கியர் விகிதம், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாவற்றிலும் கை வைத்து, 4 மி.மீ. தாழ்த்தி விட்டார்கள். விலை ஆறரை லட்சத்துக்குள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததோடு கதை முடிந்தது. ஆக, இது ஏற்கெனவே ஒரு ரேஸ்காரர் கை பட்ட வண்டி. அதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த எஸ்டிமேட் கேட்கும் கேள்வி.

பதில் எழுதவில்லை. இந்த மாசக் கடைசிக்குள் சொல்கிறேன் என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

எங்கள் டயர் கடையில் இன்று ஒரே ரப்பர் நாற்றம். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து தக்காளி ஏற்றிய ஈச்சர் ஒன்று, கரூர் போக வேண்டிய டாரஸ் ஒன்று. டாரஸ் டிரைவர் ரீட்ரெட் போட்ட பின் டயரைப் பார்க்கச் சொன்னார். கேஸிங் நன்றாகத்தான் இருந்தது. உள் பக்கம் பீடிங் ஓரம் வெந்து கறுத்திருந்தது. டயர் தப்பு இல்லை, பிரேக் டிரம் சூடு. அப்பா சேரில் உட்கார்ந்தபடியே கேட்டார்: “ஏம்ப்பா, போன தடவ தொப்பூர்ல நியூட்ரல்ல உட்டியா?” அவர் சிரித்தார். மேலே பேசவில்லை.

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் தொப்பூர்க் கணவாய் முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் எஞ்சின் இழுத்துப் பிடிக்காது, மொத்தப் பாரமும் பிரேக் மேல் வரும். டிரம் சூடேறி விரியும். லைனிங் எட்டாது, எட்டினாலும் பிடிக்காது. இந்த ஜனவரி 24-ஆம் தேதி இரட்டைப் பாலத்தில் நடந்த விபத்தில் நாலு பேர் போனார்கள். அங்கே அடிபட்டுக் கிடந்த லாரிகளிலிருந்து எங்கள் கடைக்கு வந்த டயர்களை அப்பா எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறார். அவருக்கு வேகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிரேக்தான்.

ஜூனில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்த வண்டியை ஓட்ட விடும் டிராக் டேயில் நான் பார்த்ததும் அதுதான். கூட வந்த சேலத்துக்காரர் வண்டி என்னுடையதைவிட இரண்டு மடங்கு சக்தி. ரீமேப், பெரிய டர்போ, வெளியே நின்றாலே காது அடைக்கும் சைலன்சர். ஐந்தாவது சுற்றோ ஆறாவது சுற்றோ, பிட்டுக்குள் மெதுவாக வந்து நிறுத்தினார். பெடல் தரை வரை போகிறது என்றார். முகம் வெளுத்திருந்தது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. பழைய ஆயில், எந்த வண்டியாக இருந்தாலும் இதே கதைதான்.

ராத்திரி கணக்குப் போட்டேன். ஆளோடு சேர்த்து என் வண்டி 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 140-லிருந்து 60 கி.மீ. வேகத்துக்குக் குறைக்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 680 கிலோ ஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதி வரும்வரை காய்ச்சுகிற சூடு, நாலைந்து நொடியில். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.7 கி.மீ., பன்னிரண்டு வளைவு. எல்லா வளைவுக்கும் இவ்வளவு அமுக்க வேண்டாம்தான், ஆனால் ஆறுவதற்கும் நேரம் கிடைக்காது. புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடுகிறது. ரோட்டில் ஓடும் வண்டிகளில் எத்தனை பேர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறார்கள்?

எஸ்டிமேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பிரேக் என்ற வார்த்தையே அதில் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆஸ்டினிலிருந்து மாமா பையன் கூப்பிட்டான். அவன் ஊரில் சர்க்யூட் ஆஃப் த அமெரிக்காஸ் இருக்கிறது, எஃப் 1 ஓடும் இடம். பழைய மஸ்டா மியாட்டா ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறான். வேலைக்குப் போக வேறு வண்டி. மியாட்டாவை டிரெய்லரில் ஏற்றி பிக்கப்பில் கட்டி இழுத்துப் போவான். “மச்சான், ரெண்டு வேலைக்கும் ஒரே வண்டின்னா ரெண்டும் கெட்டுப்போகும். உன்னோடத வித்துட்டு டிராக்குக்குன்னு தனியா ஒண்ணு எடு.” அங்கே டிராக்கில் ஓட்ட ஒரு நாள் இன்ஷூரன்ஸ்கூட வாங்குகிறானாம்.

சொல்வது சுலபம். டிரெய்லர் யாரிடம் இருக்கிறது? ஒரு ஃபிளாட் பெட் வண்டி பேசினால் தர்மபுரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை 260, 270 கி.மீ., போக வர வாடகை. பக்கத்தில் என்று பார்த்தால் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-இல் திறந்தது, 2.1 கி.மீ. கரிவர்தன் பேர் வைத்திருக்கிறார்கள். மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்து, பணம் இல்லாத பையன்களையும் ஓட்ட வைத்த மனுஷன். 1995-இல் சின்ன விமானம் விழுந்து போய்ச் சேர்ந்தார். இங்கே டிராக்குக்கென்று தனி வண்டி என்ற யோசனையே அவரிடமிருந்துதான் பரவியது என்று எனக்குத் தோன்றும். அவரே ஒரு ரோட்டு வண்டியை அறுத்து டிராக் வண்டி ஆக்காமல், எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் புதிதாகச் செய்தார் பாருங்கள்.

அதற்கு முன்னால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம், ஓரத்தில் வைக்கோல் கட்டு. ஃபியட்டும் ஹெரால்டுமாக ரோட்டு வண்டிகளே அங்கே அதிகம் ஓடின. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் போட 1990 ஆகிவிட்டது. அப்பா ஒரு தடவை லாரி லோடு இறக்கிவிட்டு சோழவரம் ரேஸ் பார்த்தாராம். எந்த வருஷம் என்று கேட்டால், “எம்.ஜி.ஆர். இருந்தப்ப” என்பார்.

மத்தியானம் பசங்க வந்தார்கள். வத்தல்மலை போகலாம் அண்ணா, கொண்டை ஊசியில் உங்க வண்டி எப்படிப் போகுதுன்னு பார்க்கலாம் என்றார்கள். பால் கேன் கட்டிய டி.வி.எஸ்.ஸும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வரும் பாதை அது. பொது ரோட்டில் ரேஸ் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் தண்டனைக்குரிய குற்றம், அது வேறு. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கொஞ்சம் கோபம்தான் அவர்களுக்கு.

ஆகஸ்ட் 28, புதன்

இன்ஷூரன்ஸ் பாலிசியை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற இடத்தில் வரிசையாக இருக்கிறது: வாடகை ஓட்டம், ஏற்பாடு செய்த ரேஸ், பேஸ் மேக்கிங், வேகச் சோதனை, ரிலயபிலிட்டி டிரையல். ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். “சார், டிராக் டேன்னா ரேஸ் இல்லியே, கத்துக்கறதுதானே?” என்று அவர் என்னையே கேட்டார். எனக்குத் தெரிந்து எந்த சர்வேயரும் அதை ஒத்துக்கொள்ளப் போவதில்லை. டிராக்கில் முட்டினால் என் காசு என்று வைத்துக்கொள்வதுதான் நேர்மை.

முட்டினால் இன்னொன்றும் இருக்கிறது. இது நின்றுபோன வண்டி. எஞ்சின் சாமான் நெக்ஸானோடது, கிடைக்கும். ஜே.டி.பி.க்கென்றே செய்த பம்பருக்கும் பானெட்டுக்கும் எங்கே போவது? ஒரு தடவை மண்ணில் இறங்கி முன்பக்கம் கிழிந்தால் சாதா டியாகோ பம்பர் போட்டுக்கொண்டு சுற்ற வேண்டியதுதான்.

அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு: கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில் 182ஏ சேர்ந்தது; மாற்றின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓசூர் பைபாஸில் சைலன்சர் சத்தம் கேட்டதும் ஓரம் கட்டச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் என் வண்டிக்கு ஐந்தாறு குதிரை கூட்டும், மிஞ்சிப்போனால். அதற்காகத் தர்மபுரி டிராஃபிக்கில் திருட்டு முழி முழிக்க வேண்டுமா? அது எஸ்டிமேட்டிலிருந்து இன்றைக்கே அடிபட்டது. ரீமேப்பும் கூடவே. 114 குதிரையை முழுசாக ஓட்ட எனக்கு இன்னும் கை வரவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

நேற்றும் இன்றும் டி.வி. முன்னாடியேதான். சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ., ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ரேஸ். போன டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. நேற்று எஃப்.ஐ.ஏ. சான்றிதழ் கைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ரேஸெல்லாம் இன்றைக்குத்தான்.

ஃபார்முலா 4 வண்டி எஞ்சின் 1.3 லிட்டர் டர்போ. என்னுடையது 1.2. எடைதான் கிட்டத்தட்ட பாதி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். “இந்தக் காரெல்லாம் எப்படிப்பா வீட்டுக்குப் போகும்?” லாரியில் ஏற்றித்தான் என்றேன். “அப்ப நம்ம கார மட்டும் ஏன் ஓட்டிக்கிட்டுப் போற?”

செப்டம்பர் 3, செவ்வாய்

சீட், பெல்ட், கேஜ். இந்த மூன்றும் மனசை விட்டுப் போகவில்லை. போட்டோவில் பார்க்க அழகு, அதுதான் காரணம்.

பெங்களூருக்காரரிடம் போனில் அரை மணி நேரம். பக்கெட் சீட்டும் சிக்ஸ் பாயின்ட் பெல்ட்டும் மட்டும் போதுமே, கேஜ் வேண்டாமே என்றேன். நேர்மையான ஆள், கூடாது என்றார். கம்பெனி பெல்ட் தோளில் ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதால் வண்டி கவிழ்ந்து கூரை அமுங்கும்போது உடம்பு பக்கவாட்டில் சாய இடம் இருக்கும். சிக்ஸ் பாயின்ட் இரண்டு தோளையும் நிமிர்த்திக் கட்டிவிடும். கூரை இறங்கினால் தலை அங்கேயேதான் இருக்கும். அதனால் அந்த பெல்ட் போட்டால் கேஜ் கட்டாயம். சரி, கேஜ் போட்டால்? அது தலைக்குப் பக்கத்தில் ஓடும் இரும்புக் குழாய். டிராக்கில் ஹெல்மெட் போட்டிருப்போம். கடைவீதியில் மனைவி ஹெல்மெட் போட்டுக்கொண்டா உட்காருவாள்? ஆட்டோக்காரர் பின்னால் இடித்தாலே தலை குழாயில் மோதும். அரை கேஜ் பின் சீட் இருக்கிற இடத்தில்தான் நிற்கும். பின் சீட் போனால் மகள் பள்ளிக்கூட வேனில்தான் போக வேண்டும். ஐந்து பேர் சீட் என்று ஆர்.சி.யில் இருப்பது இரண்டு ஆகும். திரும்பவும் 52-ஆவது பிரிவு.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று, அதைத் தொட்டால் அடுத்தது. நடுவில் நிற்கிற இடம் கிடையாது. தேசிய சாம்பியன்ஷிப்பில் ஓடும் எஸ்டீம்களைப் பாருங்கள்: உள்ளே மெத்தை, தரைவிரிப்பு எதுவும் இல்லை, முழு கேஜ், தீயணைப்பான், வெளியிலிருந்தே கரண்ட் துண்டிக்கும் சுவிட்ச். அது முழுமையான சங்கதி. ரோட்டு வண்டியும் முழுமையான சங்கதிதான். எஸ்டிமேட்டில் இருப்பது இரண்டுக்கும் நடுவில் தொங்கும் ஒன்று, அதில்தான் ஆபத்து அதிகம்.

மனைவியிடம் சொன்னேன். “நாலு லட்சம் மிச்சமா?” என்றாள். முழுசாக இல்லை என்று சொல்லிவைத்தேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கடை லீவு. கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினேன்.

ஜூனில் தேய்ந்த டயர்கள் மூலையில் கிடக்கின்றன. இது என் தொழில், இதில் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டை வலஞ்சுழி டிராக். வலது வளைவுகளில் பாரம் இடது முன் டயர் மேல் விழும். அந்த டயரின் வெளி ஓரத்தில் பட்டன் பட்டனாகப் பிய்ந்திருக்கிறது. நடுவில் பட்டன் அப்படியே இருக்கிறது. வண்டி சாயும்போது சக்கரமும் வெளியே சாய்ந்து ஓரத்தில் நடக்கிறது என்று அர்த்தம். கேம்பர் போதவில்லை. அதற்குக் காயிலோவர் முழு செட் வேண்டியதில்லை. ஸ்ட்ரட் பிடிக்கும் போல்ட்டில் கேம்பர் போல்ட் மாற்றிக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்தாலே பாதிப் பிரச்சினை போகும். தாழ்த்தவும் வேண்டாம். சர்வீஸ் ரோட்டிலிருந்து கடைக்குத் திரும்பும் இடத்தில் இருக்கும் வேகத்தடையை இப்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுகிறேன்.

அடுத்தது காற்று. காலையில் ஆறின டயரில் 33 வைத்தால் நாலு சுற்று முடிந்ததும் 42 காட்டியது. உள்ளே காற்று ஐந்தாறு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடும். அதனால் டிராக்கில் 28-இல் தொடங்கி, சூடானதும் பார்த்து இறக்கிக்கொள்ள வேண்டும். முடிந்து கிளம்பும்போது மறக்காமல் திரும்ப ஏற்ற வேண்டும். பிட்டில் நான் பார்த்த பலர் இதைச் செய்வதே இல்லை. ஒரு பைசா செலவில்லாத மாற்றம் இது. அதனாலேயே மதிப்பில்லை போலிருக்கிறது.

செமி ஸ்லிக் பற்றி நிறைய யோசித்தேன். ஷோர் மீட்டர் வைத்துப் பார்த்தால் என் ரோட்டு டயர் எவ்வளவு கெட்டி என்று தெரிகிறது. செமி ஸ்லிக் அதைவிட மிருதுவாக இருக்கும், பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்த டயரோடு ஆம்பூர் தாண்டும்போது மழை பிடித்தால்? காடியே ஆழமில்லை, தண்ணீரை எங்கே தள்ளும்? வாலாஜாபேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் ஆறு வழிச் சாலை வேலை வருஷக்கணக்காக நடக்கிறது. திடீரென்று தடம் மாற்றிவிடுவார்கள், ராத்திரியில் தார் எங்கே மண் எங்கே என்றே தெரியாது. வளைவில் கிடைக்கும் இரண்டு நொடிக்காக அந்த 270 கி.மீ.யைப் பணயம் வைக்க மாட்டேன். நல்ல ரோட்டு டயர், புதுசு, தயாரித்த வாரம் வருஷம் பார்த்து வாங்கியது. போதும்.

அப்பா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன் பிரேக் பேடைக் கழற்றி அளவெடுக்கிறேன் என்றதும் எழுந்து வந்து கையில் வாங்கிப் பார்த்தார். ஓரம் சாம்பல் நிறத்தில் பொடிந்திருந்தது. “கண்ணாடி மாதிரி ஆயிருக்கு பாரு. இதப் போட்டுக்கிட்டா வேலூர் ரோட்ல வந்த?” என்றார். பின் சக்கரம் டிரம். அதைத் திறக்கச் சொல்லி அவரே சுத்தியல் எடுத்துத் தட்டினார். உள்ளே பொடி மட்டும்தான். திருப்திதான் அவருக்கு.

செப்டம்பர் 9, திங்கள்

பெங்களூருக்காரருக்கு எழுதினேன். ரீமேப், இன்டேக், சைலன்சர், சீட், பெல்ட், கேஜ், காயிலோவர், செமி ஸ்லிக் எதுவும் வேண்டாம். அளவு அனுப்பியிருக்கிறேன், அதற்கு டிராக் சூடு தாங்கும் பேடு முன்பக்கத்துக்கு ஒரு செட். கொதிநிலை 300 டிகிரிக்கு மேல் இருக்கும் பிரேக் ஆயில் இரண்டு பாட்டில். கேம்பர் போல்ட் ஒரு ஜோடி. மொத்தம் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டாது.

பதில் உடனே வந்தது. “சார், அந்தப் பேடு ஆறின பிரேக்குல சரியாப் பிடிக்காது, சத்தமும் போடும். டவுன்ல ஓட்ட முடியாது.”

எனக்குத் தெரியும். ரோட்டுப் பேடைப் பையில் எடுத்துப் போய், டிராக் வாசலில் மாற்றி, கிளம்பும்முன் திரும்ப மாற்ற வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம். ஆயிலை மட்டும் இங்கேயே மாற்றிவிடுவேன். ரேஸ் ஆயில் ஈரம் வேகமாகக் குடிக்கும், ஒவ்வொரு டிராக் டேக்கும் புதுசு ஊற்றியாக வேண்டும்.

மிச்சப் பணத்தில் டிரைனர் பக்கத்தில் உட்காரும் செஷன் கேட்டிருக்கிறேன். முதலில் கோவை, மழை ஓய்ந்ததும் இருங்காட்டுக்கோட்டை. செட்டிப்பாளையம் சின்ன டிராக், நேர் பாதை சிறிசு, பிரேக் அவ்வளவு வேகாது. பேடு மாற்றாமலே ஓட்டலாமா என்று அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

மாமா பையனுக்கும் சொல்லிவிட்டேன். “அப்ப மாடிஃபிகேஷனே இல்லயா?” என்றான். கேம்பர் போல்ட் இருக்கிறதே என்றேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: டிராக் வாசலில் பேடு மாற்ற ஜாக்கி ஸ்டாண்ட் வைத்திருக்கிறாயா, இல்லை ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடப் போகிறாயா? கடையில் இருப்பது லாரி ஸ்டாண்ட். கார் அளவில் இரண்டு வாங்க வேண்டும்.